கடல் தாண்டும் கண்மணிகள்: பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது?

"டாக்டர், மகனும் மருமகளும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு கனடாவுக்குப் போறாங்க. அங்கே ஒரு சளி, காய்ச்சல்னா யாரைப் போய்ப் பார்க்கிறது? ஒரு வருஷத்துக்கு நீங்களே மருந்து கட்டிக் குடுத்திடுங்க..."

அருப்புக்கோட்டையில் வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்த வேண்டுகோள் அடிக்கடி வருகிறது. ஒரு காலத்தில் ஆம்பிளை மட்டும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போவார். மனைவி, பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். இப்போது அப்படி இல்லை. நெசவுக்காரர் வீட்டுப் பேரனும், திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சை விவசாயியின் மகளும் படித்து, நல்ல வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு குடும்பமாகவே கிளம்பிவிடுகிறார்கள்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அவர்கள் கட்டும் பெட்டியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்! வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கண்மை டப்பா, கசகசா, ஒரு பொட்டலம் செந்தூரம், மலைத்தேன், நல்லெண்ணெய், சாம்பிராணி... எல்லாம் அப்பத்தாவும் அம்மாச்சியும் பாசத்தோடு வைத்தவை. அதில் பாதியை வெளியே எடுக்கச் சொல்வேன். "சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்று முகம் சுருங்கும். சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மண் மாறினால் மருந்தும் மாறும்

பிழைப்புக்காகக் கடல் தாண்டுவது நம் வானம் பார்த்த பூமிக்குப் புதிதில்லை. மழை பொய்த்த காலங்களில் பழைய ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போயின. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் காட்டு வழியே நடந்து போனவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். பிறகு மண்டபத்தில் முகாம் அமைத்து, சில நாள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். மண் மாறும்போது உடம்புக்கு ஆபத்து உண்டு என்பதை நம் முன்னோர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள்.

சித்த மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று, நிலத்துக்கும் உடம்புக்கும் உள்ள உறவு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களையும், அந்தந்த நிலத்தில் வாதம், பித்தம், கபம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் பேசுகின்றன. அதோடு ஆறு பெரும்பொழுதுகளும் உண்டு. நிலத்தையும் காலத்தையும் பார்க்காமல் மருந்து கொடுக்கிறவன் வைத்தியனே இல்லை.

அந்த ஐந்து நிலப் பட்டியலில் ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நிலம் இல்லை! நம் பெரியவர்கள் பார்த்திராத பூமி அது. ஆகவே, நம் பழக்கத்தை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு போவது சித்த மருத்துவம் ஆகாது. அந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்ற காரணத்தைத்தான் கொண்டு போக வேண்டும். காரணம் தெரிந்தால், அந்த ஊருக்கு ஏற்ற வழி தானாகத் தெரியும்.

இங்கே ஓசி வெயில்... அங்கே சொட்டு மருந்து

முதலில் வெயில். குழந்தையைக் குளிப்பாட்டி வாசலில் வெயில் காட்டுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. தோலில் வெயில் படும்போது, அதிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை, நம் தோலிலேயே வைட்டமின் டியைத் தயாரிக்க வைக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேர இந்த வைட்டமின் டி வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வெட்டவெளியில் நின்று நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கும் கதிர் மிகக் குறைவு. அருப்புக்கோட்டையில் மார்கழி மாதத்தில்கூட, நடுப்பகலில் நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறைவாகத்தான் விழும். நார்வேயின் ஆஸ்லோ நகரில் டிசம்பர் மாத நடுப்பகலில் நின்றால், நிழல் நம் உயரத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல் நீளும்! அந்த வெயில் கண்ணுக்குத்தான் வெளிச்சம். எலும்புக்கு உதவாது.

1988-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், அதைவிட வடக்கே இருக்கும் கனடாவின் எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலும், வெயில் பட்டாலும் தோலில் வைட்டமின் டி உற்பத்தி ஆகவில்லை. இதோடு நம் தோலின் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கரிசல் காட்டு வெயிலுக்குக் குடை பிடிப்பது போல இயற்கை நமக்குக் கொடுத்த கறுப்பு நிறம், வெயில் குறைந்த ஊரில் வரும் கொஞ்ச நஞ்சக் கதிரையும் தடுத்துவிடும். வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போதுமான வெயில் நம் குழந்தைக்குப் போதாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. நார்வேயில் வாழும் இலங்கையரையும், இலங்கையில் கண்டிப் பகுதியில் வாழ்கிறவர்களையும் ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. நார்வேயில் குடியேறிய இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர்கள். கண்டியில் இருப்பவர்களைவிட நார்வேயில் இருப்பவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவாக இருந்தது. ஒரே நாட்டு மக்கள்தான், மாறியது மண்!

இதற்கு முன்பே பிரிட்டனில் ஒரு பாடம் நடந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 'ரிக்கெட்ஸ்' நோய் வந்தது. எலும்பு மெலிந்து, கால்கள் வில் மாதிரி வளைந்துபோகும் நோய் இது. 1979-இல் அங்கே ஓர் இயக்கமே தொடங்கி, இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் டியை இலவசமாகக் கொடுத்தார்கள். ரிக்கெட்ஸோடு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஒரு சொட்டு மருந்தில் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு எத்தனை பிள்ளைகள் வளைந்த காலோடு நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"நாங்க போறது துபாய்க்கு டாக்டர். அங்கே இல்லாத வெயிலா?" என்று சிலர் சிரிப்பார்கள். அங்கேதான் இன்னொரு வேடிக்கை! வளைகுடா நாடுகளில் வெயில் கொளுத்துவதாலேயே யாரும் வெளியே வருவதில்லை. ஏ.சி. வீடு, ஏ.சி. கார், ஏ.சி. பள்ளிக்கூடம். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. அதனால் அந்த நாடுகளிலும் வைட்டமின் டி குறைபாடு மிகச் சாதாரணம். ஏன், நம் ஊரிலேயே வீட்டுக்குள் செல்போனோடு வளரும் பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

என்ன செய்யலாம்? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து தினமும் 400 யூனிட், அதாவது 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பொதுவான வழக்கம். "தாய்ப்பாலில் எல்லாம் இருக்குமே?" என்பீர்கள். தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. ஆனால் அதில் வைட்டமின் டி மட்டும் குறைவு. தாய்க்கே பற்றாக்குறை என்றால் இன்னும் குறைவு. போன வாரமே அங்குள்ள குழந்தை டாக்டரைப் பார்த்து, பிள்ளைகளுக்கும் தாய்க்கும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக நம் ஊர் மருந்துக் கடையில் விற்கும் 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டை வாங்கிப் போய்க் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது 400 யூனிட்டைப் போல 150 மடங்கு! அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குழந்தை நடக்கத் தாமதமாவது, பல் முளைக்கத் தாமதமாவது, உச்சிக்குழி மூடாமல் இருப்பது, மணிக்கட்டு பருத்துத் தெரிவது, கால் வளைவது இவையெல்லாம் ரிக்கெட்ஸின் அடையாளங்கள். சில கைக்குழந்தைகளுக்கு எந்த அடையாளமும் இல்லாமல் முதலில் வலிப்பே வந்துவிடும். "எங்க வம்சத்திலேயே பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

பிள்ளை வளர்ப்பானும் பெட்டிக்கு வெளியே

வசம்புக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயரே 'பிள்ளை வளர்ப்பான்'. வயிற்று உப்புசத்துக்குச் சுட்டுக் கரியாக்கி, ஒரு துளி எடுத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவது நம் வீட்டுப் பழக்கம். சுடாத வசம்பை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் விதி. இந்த விதி எத்தனை வீடுகளில் நினைவிருக்கிறது? வளையலாகக் கோத்துக் கையில் கட்டிவிட, குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருக்கிறது.

வசம்பில் உள்ள ஒரு வேதிப்பொருள், விலங்குகளிடம் செய்த சோதனையில் புற்றுநோயை உண்டாக்கியது. அதனால் 1968-லேயே அமெரிக்க அரசு உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. நாளைக்கு அங்கே குழந்தைக்கு வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? வசம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்தால் பாதி உப்புசம் போய்விடும்.

உரை மருந்தும் அப்படியே. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். உரசும் கல், உரசும் கை, கலக்கும் தண்ணீர் மூன்றும் சுத்தமாக இல்லாவிட்டால் மருந்தே வயிற்றுப்போக்காகிவிடும்.

செந்தூரம், பற்பம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இவை உலோகங்களையும் பாஷாணங்களையும் முறைப்படி சுத்தி செய்து, புடம் போட்டு எடுக்கும் பெருமருந்துகள். வைத்தியர் பக்கத்தில் இருந்து நாடி பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டியவை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால், தாயே அளந்து குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிற மருந்து இல்லை.

2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று! ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தொடும். படிப்பில் பின்தங்கும், கவனம் சிதறும். போன மூளை வளர்ச்சி திரும்பி வராது. குழந்தைக்கு உலோக மருந்து பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

கண்மையிலும் இதே ஆபத்து உண்டு. கடையில் வாங்கும் சில மைகளிலும், சுர்மா வகைகளிலும் ஈயம் இருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். திருஷ்டிக்குத்தானே? இருக்கட்டும், போகும்போது மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம்.

அடுத்து தேன். அங்கேயே பிறக்கும் குழந்தையைப் பார்க்கப் போகும் அம்மாச்சிகள், சேனை வைக்க ஆசை ஆசையாக மலைத்தேன் கொண்டு போகிறார்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அது பொதுவாக முளைக்காது. குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். சேனைக்குத் தாயின் சீம்பாலே போதும். அதைவிட நல்ல சேனை ஏது?

கசகசாவால் கைது!

இது வைத்தியம் இல்லை, சட்டம். குழந்தை தூங்குவதற்குப் பாலில் கசகசா அரைத்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. குருமாவுக்கும் கேட்பார்கள். கசகசா அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரிலும், ஐக்கிய அரபு நாடுகளிலும், சவூதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடிபட்டால், "சமையலுக்குத்தான் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டுமா?

அதேபோல வலி மாத்திரை, இருமல் டானிக், தூக்க மாத்திரை இவற்றில் சில, வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விதை, வேர், பட்டை எது இருந்தாலும் இறங்கும்போது அறிவிப்புப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

எண்ணெயும் புகையும்

நல்லெண்ணெயை எடுத்துப் போகலாமா? தாராளமாக! ஆனால் முறை மாற வேண்டும்.

இங்கே எண்ணெய்க் குளியல் உடம்பு உஷ்ணத்தைத் தணிக்க. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று வறண்டு குழந்தையின் தோல் வெடிக்கும், சொறியும். அங்கே எண்ணெய் தேவைப்படுவது தோலின் ஈரத்தைக் காப்பாற்ற. ஆகவே வாரம் ஒருநாள் தலை முழுக எண்ணெய் வைத்து ஊறவிடுவதைவிட, இளஞ்சூடான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் உடம்பில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லது. எண்ணெய் தேய்த்த குழந்தையை வழுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். சொறி, சிவப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது... இந்த இரண்டையும் இங்கேயே நிறுத்திவிட்டுப் போங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒரு வகை நிமோனியா வரும். சாதாரண நிமோனியாவைப் போல ஆன்ட்டிபயாட்டிக்கில் அது அடங்காது.

சாம்பிராணிப் புகை? நம் வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும், வாசல் திறந்திருக்கும். புகை ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். அங்கே குளிருக்காக எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தி வைத்திருப்பார்கள். புகை குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறி, அக்கம்பக்கத்தார் ஓடி வந்த கதைகளும் உண்டு! குழந்தையின் தலையைத் துண்டால் துடைத்துக் காயவைத்தாலே போதும். சாம்பிராணி போட்டதன் காரணமும் அதுதானே?

பால் வெள்ளம், ரத்தம் பஞ்சம்

வெளிநாடு போன தாய்மார்கள் பெருமையாகச் சொல்வது: "இங்கே பால் நல்லா இருக்கு டாக்டர். பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிறான். சோறுதான் இறங்க மாட்டேங்குது!"

எப்படி இறங்கும்? வயிறு நிறையப் பால் இருக்கிறதே! பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் குழந்தை கொழுகொழு என்று இருந்தாலும் ரத்தசோகை வந்துவிடும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிபாலாகக் கொடுக்கவே வேண்டாம். கனடாவில் விற்கும் பாலில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள், பிரிட்டனில் சாதாரணப் பாலில் சேர்ப்பதில்லை. ஊருக்கு ஊர் மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

நம் புஞ்சைத் தானியங்கள் இங்கே கை கொடுக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முளைகட்டி, காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவும், கம்பு, குதிரைவாலியும் பெட்டியில் இடம் பிடிக்கலாம். முளைகட்டினால் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். அங்குள்ள இந்தியக் கடைகளிலும் இப்போது கிடைக்கின்றன. கூடவே பருப்பு, கீரை, முட்டை. சோற்றோடு ஒரு துண்டு ஆரஞ்சு கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பாட்டிலில் வரும் ஜூஸும், கலர் கலரான காலை உணவு டப்பாக்களும் பழகிவிட்டால் பிறகு கூழை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டோடு இன்னொரு அட்டை

கிளம்பும் முன் மறக்கவே கூடாதது குழந்தையின் தடுப்பூசி அட்டை. பழைய அட்டை கிழிந்திருந்தால், ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டாக்டரிடமோ தேதிகளைச் சரிபார்த்து, ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

நம் அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடுகிறார்கள். அமெரிக்கா, கனடாவில் ஒரு வயதுக்கு முன் போட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே இதோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவார்கள். சின்னம்மை ஊசியும் பல நாடுகளில் உண்டு. நம் அரசுப் பட்டியலில் அது கிடையாது. "எல்லாம் போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?" என்று சண்டை போடாதீர்கள். மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை.

நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் காசநோய்த் தடுப்பு ஊசி போட்டிருக்கும். அதனால் அங்கே தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை வீங்கிக் காட்டலாம். பயப்பட வேண்டாம். பி.சி.ஜி. போட்டதை முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

வாய் திறக்காத பிள்ளை, பேச ஆளில்லாத தாய்

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மனசு?

ஊரில் தெருவையே அதிர வைத்த பிள்ளை, அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் சில மாதம் வாயே திறக்காது. புதிய மொழியைக் காதால் வாங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. ஊமையாகிவிட்டானோ என்று பயப்படாதீர்கள். வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறானா என்று மட்டும் பாருங்கள். பேசினால் கவலை இல்லை. வீட்டிலும் பேச்சு நின்றுபோனால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க, அப்பத்தான் சீக்கிரம் வரும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. தமிழை விட்டுவிட்டால், நாளைக்கு வயிற்றுவலியைக்கூட அப்பத்தாவிடம் சொல்ல அதற்கு வார்த்தை இருக்காது.

குழந்தையைவிட எனக்குக் கவலை அந்தத் தாயைப் பற்றி. இங்கே பிரசவித்தவளைச் சுற்றி அம்மா, அத்தை, நாத்தனார் என்று ஆள் இருக்கும். அங்கே கணவன் வேலைக்குப் போய்விட்டால், நாலு சுவர், அழுகிற குழந்தை, நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது 'திமிர்' இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. குணப்படுத்தக்கூடிய நோய். இதையெல்லாம் கேட்பதற்கென்றே பல நாடுகளில் குழந்தை நலச் செவிலியர்கள் வீட்டுக்கே வருவார்கள். "ஐ யாம் ஃபைன்" என்று சொல்லி அனுப்பிவிடாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். கணவன்மார்களே, இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

லீவுக்கு வரும்போது

இரண்டு வருஷம் கழித்து சித்திரை, வைகாசியில் ஊருக்கு வருவார்கள். இப்போது கதை தலைகீழ்! அங்கே வளர்ந்த குழந்தைக்கு நம் ஊர்தான் வெளிநாடு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள டாக்டரிடம் கேட்டு டைபாய்டு ஊசி போன்றவை தேவையா என்று பாருங்கள். வந்ததும் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், கொசுவலை, காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை நிழல். வயிற்றுப்போக்கு என்றால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல். "நாங்கெல்லாம் குண்டாத்துத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவங்க" என்ற வீரம் பேரப்பிள்ளையிடம் வேண்டாம்!

தாத்தா பாட்டிகளுக்குக் கடைசியாக ஒன்று. பெட்டியிலிருந்து வசம்பையும் மையையும் எடுக்கச் சொன்னதால் உங்கள் அனுபவம் வீண் என்று நினைக்காதீர்கள். குழந்தையின் முகம் பார்த்தே பசியா, வலியா, தூக்கமா என்று சொல்லும் உங்கள் கண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தினமும் வீடியோவில் கூப்பிடுங்கள். கதை சொல்லுங்கள். மருமகளிடம் "பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்பதற்கு முன்னால், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். அந்த ஒரு மருந்துக்கு எந்த விமான நிலையத்திலும் தடை இல்லை.